எனக்கு நானே எடுத்த அளவு

தையல்காரனிடம் யாரும் உண்மை பேசுவதில்லை. முப்பது வருஷமாக அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் கிழக்குக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது என் கடை. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர், தங்களிடம் இல்லாத ஓர் உடம்புக்குத்தான் துணி தைக்கக் கொடுக்கிறார்கள். இடுப்பில் நாடாவைச் சுற்றியதுமே வயிறு உள்ளே போகும், மூச்சு நின்றுபோகும், முகம் சிவக்கும். "அடுத்த மாசத்துக்குள்ள இளைச்சிடுவேன் பாய், கொஞ்சம் டைட்டாவே புடிங்க" என்பார்கள். (அப்படிச் சொல்லி இளைத்தவர் ஒருத்தரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தால் கடைக்குக் கூட்டிவாருங்கள், ஒரு சட்டை சும்மாவே தைத்துத் தருகிறேன்.)

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறோம். "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, மூச்சு விடுகிற நேரம் பார்த்து உண்மையான அளவை நோட்டில் எழுதிக்கொள்வேன். அதோடு பேண்டின் பின்பக்கத் தையலுக்குள் இரண்டு அங்குலம் துணியை மடித்து விட்டுத் தைப்பேன். நாளைக்கே ஆள் இன்னும் பெருத்தாலும் தையலைப் பிரித்து விட்டுக்கொடுக்கலாம். அவர்கள் வந்து போட்டுப் பார்த்து, தாராளமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, "பாத்தீங்களா, இளைச்சிட்டேன்" என்று கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நிற்பார்கள். நான் "மாஷா அல்லாஹ்" என்பேன். ட்ரையல் பார்க்கும்போது எல்லோரையும் ஸ்டூலில் ஒரு தடவை உட்கார வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவேன். நின்றால் பொருந்துகிற பேண்ட் உட்கார்ந்தால் பொருந்த வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

இப்படி ஊரில் உள்ள இடுப்புகளையெல்லாம் மானத்தோடு காப்பாற்றிவிட்டவன், ஒரே ஓர் இடுப்பைக் கோட்டை விட்டான். அந்த இடுப்பின் அளவு நாற்பத்திரண்டு. அது என்னுடையது.

என் மகள் நஸ்ரினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவள், பையிலிருந்து கருநீல நிறத்தில் ஒரு கோட்டு சூட்டுத் துணியை எடுத்து என் கட்டிங் டேபிளில் வைத்தாள். தன் சம்பளத்தில் வாங்கியது என்றாள். "ஊருக்கெல்லாம் கோட்டு தைக்கிறீங்க அத்தா. நீங்க ஒரு நாளாவது போட்டு நான் பாத்ததே இல்ல. நிக்காஹ்வுக்கு ஜிப்பா வேணாம். இதத் தைச்சுப் போடுங்க." துணியைத் தடவிப் பார்த்தேன். நல்ல துணி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, அகலம் கம்மியா இருக்கே என்று குறை சொன்னேன்.

அவள் போனில் ஒரு படத்தையும் காட்டினாள். யாரோ ஒரு மாப்பிள்ளை இடுப்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிற குட்டைக் கோட்டும் ஒட்டின மாதிரி பேண்டும் போட்டுக்கொண்டு நிற்கிறான். இப்போது இதுதான் ஃபேஷனாம். அந்தப் பையனுக்கு வயிறு என்ற ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. கல்யாணத்துக்கு மூன்று மாசம் இருந்தது. மூன்று மாசத்தில் நான் அவனாகிவிடுவது என்று தீர்மானித்தேன். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது.

வழிகாட்டியும் தானாகவே வந்து சேர்ந்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த பெங்களூரு மேடம் ஒருவர், பைஜாமாவுக்கு எலாஸ்டிக் மாற்ற வந்தார். உடம்பைக் குறைக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலையாம். நான் என் கதையைச் சொன்னதும் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். பட்டினி கிடக்கக் கூடாது. எளிய உடற்பயிற்சி போதும், தினம் அரை மணி நேரம் சாதாரணமாக நடந்தால் சரி. மனசு ஏங்காமல் இருக்க, பிடித்த தீனி ஒன்றைக் கொஞ்சமாகச் சாப்பிடலாம். "ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு பாய், சின்னதா. மெதுவாத்தான் குறையும். அவசரப்பட்டா எல்லாம் திரும்ப வந்துடும்" என்றார். நான் கேட்ட வைத்தியங்களிலேயே தீனி தின்னச் சொன்ன வைத்தியம் இது ஒன்றுதான். அதனால் அதன் மேல் எனக்கு உடனே நம்பிக்கை வந்தது. அவர் சொன்னதில் "தீனி", "சின்னதா" என்ற இரண்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. "ஒண்ணே ஒண்ணு" என்பது எலாஸ்டிக் மாட்டுகிற மும்முரத்தில் காதில் விழுந்ததோடு சரி.

அன்றைக்கே துணியை வெட்டிவிட்டேன். முகூர்த்த சீசன் தொடங்கிவிட்டால் சொந்தத் துணியைத் தொட நேரம் கிடைக்காது என்பது நான் வெளியில் சொன்ன காரணம். இடுப்பு முப்பத்தெட்டு என்று நோட்டில் எழுதினேன். கோட்டைப் படத்தில் இருந்த மாதிரியே குட்டையாக வெட்டினேன். பேண்டின் பின்பக்கத்துக்கு வந்தபோது, உள்ளே விட வேண்டிய இரண்டு அங்குலத்தையும் கத்தரித்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி ரஹ்மத் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, உள்ள துணி விடலியா?"

"எதுக்கு? திரும்பக் குண்டாவறதுக்கா?" என்றேன்.

ரஹ்மத் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் காஜாவைத் தொடர்ந்தாள். எங்கள் வீட்டில் அவள் பேசினால் பிரச்சினை சின்னது, பேசாவிட்டால் பெரியது. அதையும் நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. மன உறுதி என்றால் என்ன என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிற உற்சாகத்தில் இருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிரிவலப் பாதையில் நடக்கப் போனேன். மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர். நான் அதில் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வருவது என்று திட்டம். துணைக்கு ஏழுமலை. அவர் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், என் பழைய வாடிக்கையாளர். அடுத்த மாசம் இளைத்துவிடுவதாகப் பதினைந்து வருஷமாகச் சொல்லிவருகிறவர். நடைக்கு இவரைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது என்று நினைத்தேன். கிரிவலப் பாதையில் எங்கே என்ன கிழமையில் யார் அன்னதானம் போடுவார்கள் என்பது இவருக்கு அத்துப்படி என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

இந்த ஊரில் காலையில் நடக்கிறவன் பட்டினி கிடக்க வேண்டுமென்று முடிவெடுத்தாலும் ஊர் விடாது. யாருக்காவது பிறந்தநாள், யாருக்காவது நினைவுநாள், யாராவது பரீட்சையில் பாஸ். அண்டாவோடு பாதையோரம் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் பொங்கல் தருவார்கள். பாதிப் பேர் என்னிடம் துணி தைப்பவர்கள். "வாங்க பாய், சாப்பிடுங்க" என்று தொன்னையை நீட்டினால் எப்படி வேண்டாம் என்பது? முதல் நாள் பொங்கல் நீட்டிய ஓர் அம்மாவிடம் சொல்லித்தான் பார்த்தேன். நீட்டிய கை அப்படியே நிற்க, "ஏன் பாய், நாங்க குடுத்தா சாப்பிட மாட்டீங்களா?" என்று அந்தம்மா முகம் வாடிவிட்டது. பதறிப்போய் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் மனம் குளிர வேண்டும் என்று இரண்டாவது தொன்னையும் வாங்கினேன். அதன் பிறகு மூன்று மாசமும் ஒருவரையும் நான் நோகடிக்கவில்லை. இந்த ஊரில் மத நல்லிணக்கம் நன்றாக இருக்கிறது என்றால் அதில் நான் தின்ற பொங்கலுக்கும் பங்கு உண்டு.

தொன்னை சின்னதுதானே. மேடம் சொன்ன "சின்னது" என்பதற்குள் அது அடங்கிவிட்டது. நடந்து முடித்ததும் டீக்கடையில் இரண்டு வெண்ணெய் பிஸ்கட். உடற்பயிற்சிக்குப் பிறகு உடம்புக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஏழுமலை சொன்னார். சாயங்காலம் மசூதித் தெருவில் வெங்காய சமோசா. அது சாதாரண சமோசா இல்லை, கட்டை விரல் அளவுதான் இருக்கும். அதைவிடச் சின்னதாக ஒரு தீனியை மனிதன் கண்டுபிடித்துவிட முடியாது என்பதால் அதில் எட்டு சாப்பிடுவேன். இதையெல்லாம் நான் ஒளிந்து செய்யவில்லை. வழிமுறையின் ஒரு பகுதியாக, கடமை உணர்ச்சியோடு செய்தேன்.

உடற்பயிற்சியிலும் குறை வைக்கவில்லை. தையல் மிஷினில் இருந்த மோட்டாரைக் கழற்றிவைத்துவிட்டுக் காலால் மிதிக்க ஆரம்பித்தேன். எளிய உடற்பயிற்சி என்று மேடம் சொன்னாரே, உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற பயிற்சியை விடவா எளியது இருக்கிறது? ஒரு சட்டைக்கு மிதித்து முடித்ததும் ஒரு கடலை மிட்டாய். ஒரு நாளைக்கு நாலு சட்டை. ஒரு வாரத்தில் எனக்கு முழங்கால் வலியும், டெலிவரி ஆகாத சட்டைகள் ஒரு மூட்டையும் சேர்ந்தன. மிட்டாய் டப்பா காலியாகியிருந்தது. ரஹ்மத் எதுவும் கேட்காமல் மோட்டாரை எடுத்து மறுபடி மாட்டினாள். (பேசவில்லை என்பதைக் கவனிக்கவும்.)

அவளுக்கு இருந்த கவலையே வேறு. மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. தகப்பனாருக்கு அண்ணன், பெரியத்தாதான் எல்லாம். ஆரணியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், கை சுத்தமானவர், நல்ல மனிதர். ஆனால் மரியாதை விஷயத்தில் தொட்டால் சிணுங்கி. வாசலில் வந்து வரவேற்க ஆள் இல்லை என்று ஒரு கல்யாணத்திலிருந்து திரும்பிப் போனவர். பேரைச் சொல்லி அழைக்காமல் "வாங்க" என்று மொட்டையாகச் சொன்னார்கள் என்று இன்னொரு கல்யாணத்தில் சாப்பிடாமல் எழுந்துபோனவர். அவர் எழுந்துபோன கல்யாணங்களின் பட்டியல் ஆரணியில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில்கூட டீ முதலில் தனக்கு வரவில்லை என்று அரை மணி நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு மனசு கோணாம இந்தக் கல்யாணம் முடியணும். நம்ம பொண்ணு நாளைக்கு அந்த வீட்டுல வாழணும்" என்று ரஹ்மத் தினமும் சொன்னாள். நானும் அதற்காகவே தினமும் பயந்தேன். பயத்தில் எனக்குப் பசி ஜாஸ்தியாகும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கடையைச் சாத்திக்கொண்டு பேண்டைப் போட்டுப் பார்த்தேன். வயிற்றுக்குக் கீழே இறக்கி, மூச்சை முழுசாக வெளியே விட்டு, கொக்கியைத் துணியின் விளிம்புக்கு நகர்த்தித் தைத்து மாட்டியதும் மாட்டிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தேன். பக்கவாட்டில் பார்க்காதவரை நன்றாகத்தான் இருந்தது. ஸ்டூல் பக்கத்திலேயே கிடந்தது. அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று முப்பது வருஷ அனுபவம் சொன்னது. நான் ஸ்டூலைக் காலால் தள்ளி மேசைக்கு அடியில் விட்டேன். நாடாவை எடுத்து இடுப்பை அளந்து பார்க்கவும் இல்லை. அளந்திருந்தால் நாற்பத்து மூன்று என்று தெரிந்திருக்கும். அது தெரிந்துவிடும் என்பதால்தான் அளக்கவில்லை.

நிக்காஹ் அன்று காலை, குட்டைக் கோட்டும் சூட்டுமாக மண்டபத்து வாசலில் நின்றேன். நஸ்ரின் என்னை மேலும் கீழும் பார்த்துக் கண் கலங்கி, "சூப்பரா இருக்கீங்க அத்தா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக மூச்சே விடாமல் இரண்டு மணி நேரம் நிற்கலாம் என்று தோன்றியது. நின்றேன். ஆரணிப் பெரியவர் காரிலிருந்து இறங்கியதும் முதல் ஆளாக ஓடிப்போய், பேர் சொல்லி, சலாம் சொல்லி, அத்தர் தடவி அழைத்துவந்தேன். முதல் டீயை அவர் கையிலேயே கொடுத்தேன். பெரியவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ரஹ்மத் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நான் மறந்துபோன விஷயம், எங்கள் நிக்காஹ்வில் யாரும் நாற்காலியில் உட்காருவதில்லை. மேடையில் வெள்ளைத் துணி விரித்து, மாப்பிள்ளை, நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத், பெரியவர்கள், பெண்ணைப் பெற்றவன் எல்லோரும் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும். இது எனக்குத் தெரியாதது இல்லை. எத்தனையோ நிக்காஹ்களில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் கைலியோ பைஜாமாவோதான் உடுத்தியிருந்தேன். மேடை ஏறித் துணியைப் பார்த்ததும்தான் அது ஞாபகம் வந்தது. சுற்றி நூற்றுக்கணக்கான பேர். அதில் பாதிப் பேருக்குத் துணி தைத்தவன் நான். ஒவ்வோர் அங்குலமாக இறங்கி, ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை மடக்காமல் ஒரு மாதிரி பக்கவாட்டில் வைத்து உட்கார்ந்துவிட்டேன். தையல் முனகியது, ஆனால் தாங்கியது. எனக்கு நானே "மாஷா அல்லாஹ்" சொல்லிக்கொண்டேன்.

ஹஜ்ரத் மைக்கை நடுவில் வைத்தார். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சம்மதம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை எனக்கு எதிரே கொஞ்சம் தள்ளி இருந்தார். நான் முன்னால் குனிந்து கையை நீட்டினேன்.

டர் என்று ஒரு சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மைக் எனக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. மைக் செட்காரர் பதறி ஓடிவந்து மைக்கைத் தட்டி, ஊதி, ஒயரைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனார். சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். பின்பக்கம் இடுப்புப் பட்டையிலிருந்து கீழே பாதி தூரம் காற்று வந்தது. உள்ளே இரண்டு அங்குலம் துணி இருந்திருந்தால் நூல் மட்டும் அறுந்து நின்றிருக்கும். பிடிக்கத் துணியே இல்லாததால் விளிம்போடு நார் நாராகப் பிரிந்து போய்விட்டது. குட்டைக் கோட்டு எதையும் மூடுகிற நீளத்தில் இல்லை. அதையும் நானேதான் வெட்டியிருந்தேன். இந்த நிலையில் நான் என் மகளை மாப்பிள்ளைக்குக் கொடுக்கச் சம்மதம் சொன்னேன். குரல் நடுங்கியது. முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கை ஏந்திக் கேட்கிற துஆவும் முடிந்தது. இனி எல்லோரும் எழுந்து ஒருவரையொருவர் கட்டித் தழுவி சலாம் சொல்ல வேண்டும். மேடையில் இருந்த எல்லோரும் எழுந்தார்கள். முதலில் கட்டித் தழுவ வேண்டியது சம்பந்திகள் இருவரும். ஆரணிப் பெரியவர் எனக்கு முன்னால் வந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்துச் சிரித்தேன். அவர் கையை விரித்தபடியே காத்திருந்தார். மண்டபத்தில் பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. வீடியோக்காரர் வேறு பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"என்ன சம்பந்தி, எழுந்துக்க மனசு வரலியா?" என்றார் பெரியவர். விரிந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின.

அந்தக் கைகள் முழுசாக இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் செருப்பைத் தேடுவார். அவர் எழுந்துபோன கல்யாணங்களின் பட்டியலில் என் மகள் கல்யாணமும் சேரும். பத்து வருஷம் கழித்தும் அந்த வீட்டில் யாராவது நஸ்ரினிடம், உங்க அத்தா எழுந்திருக்காத ஆள்தானே என்பார்கள். எழுந்து நின்றாலோ, என்னிடம் துணி கொடுத்த ஊர் முழுக்க என் கைத்திறமையைப் பின்பக்கமாகப் பார்க்கும். வீடியோவில் வேறு ஏறும். மகளுக்காக எழுந்துவிடுவது என்றே முடிவு செய்தேன். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கிழிசலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஊன்றி எழப் பார்த்தேன். ஊன்றியதில் இன்னும் ஒரு சாண் கிழிந்தது. என்னையறியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முடியல சம்பந்தி" என்றேன்.

பெரியவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முழங்கால் முட்டி சத்தம் போட, என் எதிரே கீழே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே என்னைக் கட்டித் தழுவினார். பிறகு எழுந்து நின்றுகொண்டிருந்த தன் கூட்டத்தைப் பார்த்து அதட்டினார். "ஏன் நிக்கிறீங்க? பொண்ணக் குடுத்தவரு உக்காந்துதான் இருக்கணும். நாமதான் கிட்டப் போயி உக்காந்து சலாம் சொல்லணும். எங்க பக்கம் அதான் வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக அவருடைய கூட்டத்துக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் அவரிடம் எதிர்த்துப் பேசுகிற தைரியம் யாருக்கும் இல்லை. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, என்னைத் தழுவி, நகர்ந்து போனார்கள். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். போட்டோகூட எல்லோரும் உட்கார்ந்தபடிதான் எடுத்தார்கள். சாப்பாட்டுக்கு அழைத்தபோதும் பெரியவர் அசையவில்லை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டை, சஹன் என்போம், மேடைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார். அவரும் நானும் மாப்பிள்ளையும் ஹஜ்ரத்தும் பிரியாணி சாப்பிட்டோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கிழிந்த பிறகு இடுப்பு காற்றோட்டமாகி, காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. நன்றாகவே சாப்பிட்டேன்.

வாழ்த்துச் சொல்ல மேடைக்கு வந்த ஏழுமலையின் காதில்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் எனக்குப் போர்த்தக் கொண்டுவந்த சால்வையைத் தோளில் போர்த்தாமல் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். "பொங்கல்தான் பாய் காரணம், நீங்க இல்ல" என்று ஆறுதல் வேறு. அப்படியே நடந்து மகளை வழியனுப்பப் போனேன். பெண்களெல்லாம் அழுதுகொண்டிருந்தார்கள். நஸ்ரின் சால்வையைப் பார்த்து, என்ன அத்தா இது என்று கேட்டாள். காதோடு சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்து, அடக்கி, அடக்க முடியாமல், கண் மை வழிகிற அளவுக்குச் சிரித்தாள். புகுந்த வீட்டுக்குப் போகும்போது இப்படிச் சிரிக்கிற பெண்ணைப் பார்த்ததில்லை என்று என் மச்சினிகள் இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் கெடுத்தது அவள் சம்பளத்தில் வாங்கிய துணி. அவள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்காது.

ரஹ்மத் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பேசத் தொடங்கினாள். மூன்று மாசம் சேர்த்துவைத்தது எல்லாவற்றையும் பேசி முடித்தாள். அதோடு வீட்டில் அமைதி திரும்பியது. அடுத்த முறை பைஜாமாவோடு வந்த பெங்களூரு மேடம் கதையைக் கேட்டுவிட்டு, "நான் ஒண்ணுனு சொன்னேன் பாய்" என்றார், அவ்வளவுதான். இப்போது உண்மையாகவே தினம் அரை மணி நேரம் நடக்கிறேன், கிரிவலப் பாதையில் இல்லை, அண்டாக்கள் எட்டாத வேறு தெருவில். ஒரு நாளைக்கு ஒரு சமோசா. இடுப்பு நாற்பத்தொன்று. மேடம் சொன்ன மாதிரி மெதுவாகத்தான் குறைகிறது. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது சாதிக்கப் போவதாகச் சொன்னால், "உள்ள துணி விட்டிருக்கா?" என்று பாக்கிப் பேர் கோரஸாகக் கேட்கிறார்கள். மாப்பிள்ளையும் சேர்ந்து கேட்கிறார்.

போன வருஷம் ஆரணியில் சம்பந்தி வீட்டில் இன்னொரு கல்யாணம். அவருடைய தங்கை மகனுக்கு. நிக்காஹ் முடிந்ததும் எல்லோரும் எழ, பெண்ணின் தகப்பனாரும் எழப் பார்த்தார். பெரியவர் அவர் தோளை அமுக்கி உட்கார வைத்தார். "நீங்க உக்காருங்க, எங்க வழக்கம் இது" என்று சொல்லி, தன் கூட்டம் முழுவதையும் வரிசையாக வந்து கீழே உட்கார்ந்து சலாம் சொல்ல வைத்தார். அந்த மனிதர் ஒல்லியானவர், தொளதொளப்பான வேட்டி கட்டியிருந்தார், அவருக்கு எதுவும் கிழியவில்லை. காலையிலிருந்து வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் ஓடி, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கை கட்டி நின்று களைத்திருந்தார். எல்லோரும் தன் முன்னால் வந்து உட்காருவதைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவரைத் தனியாகப் பிடித்தேன். அன்றைக்கு நான் மகளைப் பிரிகிற துக்கத்தில் எழ முடியாமல் உட்கார்ந்திருந்ததாகத்தான் அவர் நினைத்தார் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இனியும் மறைப்பது சரியில்லை என்று பேண்ட் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

"மைக்குல கேட்டுச்சு சம்பந்தி" என்றார். "என்னா சத்தம்னு அப்ப புரியல. நீங்க எழுந்துக்காம இருந்ததும் கோவம் வந்துச்சு. அப்புறம் உங்க கை பின்னாடி போச்சு பாருங்க, அப்பதான் புரிஞ்சுது."

அப்படியானால் அந்த வழக்கம் என்று இழுத்தேன்.

"நீங்க ஏன் எழுந்துக்கலனு நாலு பேரு கேப்பாங்கல்ல? அதுக்குச் சொன்னேன். சொல்லிட்ட பிறகு செஞ்சுதானே ஆவணும்" என்று சொல்லிவிட்டு, பீடா கொடுக்கிற பக்கம் போய்விட்டார். அவரைப் பற்றி மூன்று மாசம் என்னவெல்லாம் நினைத்துப் பயந்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது ஆரணி, போளூர் பக்கம் எங்கள் சொந்தத்தில் நாலு கல்யாணம் இப்படி நடந்துவிட்டது. கடைசியாக நடந்ததில், படித்த மாப்பிள்ளை ஒருவர் ஹஜ்ரத்திடம், பெண்ணைக் கொடுத்தவர் எழுந்திருக்கக் கூடாது என்பது எந்த மார்க்கக் கிதாபில் எழுதியிருக்கிறது என்று கேட்டாராம். ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டே, "கிதாபுல இல்ல தம்பி. ஆனா பெரியவங்க காரணம் இல்லாம வெச்சிருக்க மாட்டாங்க" என்றாராம்.